இவன் காலு எங்க பாப்பா?

"கம்பு நல்லாத்தான் சுத்துது பாப்பா. இவன் காலு எங்க?"

முதல் வடிவத்தைப் பார்த்ததும் சித்தப்பா கேட்டது இது. திண்ணையில் லேப்டாப்பை வைத்து, வெயில் திரையில் விழாதபடி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் செய்துகொண்டிருக்கும் 40 விநாடி அனிமேஷன் சிலம்பச் சண்டையை ஓட்டிக் காட்டினேன். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையில் திரையின் அடிப்பக்கம் விரலை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார்.

கால் இருந்தது. இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் முட்டி, கணுக்கால், கால்விரல் வரைக்கும் எலும்பு பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கால்கள் சும்மா நின்றன. இரண்டு மாதமாக நான் கம்பின் சுழற்சியிலேயே கிடந்தேன். இடுப்புக்குக் கீழே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சித்தப்பாவிடம் சிலம்பம் கற்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் கம்பே கைக்கு வராது. வெறுங்கையோடு மணலில் காலடி மட்டும்தான். முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி. திரும்பத் திரும்ப அதுதான். பன்னிரண்டு வயது வரைக்கும் நானும் அந்த மணலில் நின்றவள்தான். கணினி முன்னால் உட்கார்ந்ததும் கண் கம்பின் மேலேயே போய்விட்டது.

கனகசெட்டிக்குளம் தெரியாதவர்களுக்காக: புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். காலாப்பட்டு, பல்கலைக்கழகம் எல்லாம் தாண்டி, புதுச்சேரி முடிகிற இடத்தில் இருக்கிற மீனவர் ஊர் எங்களுடையது. அந்தப் பக்கம் போனால் தமிழ்நாடு, கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில். சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் படகு, வலை, மணல். என் சண்டையும் அந்த மணலில்தான் நடக்கிறது. ஐம்பது வயது வாத்தியார் ஒருவர், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, ஆளுக்கொரு கம்பு, விடியற்காலை. வசனம் கிடையாது.

சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம். 40 விநாடி என்றால் 960. நான் பயன்படுத்துவது பிளெண்டர். காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள் எதுவும் எனக்குக் கட்டுப்படியாகாது. பிளெண்டர் நெதர்லாந்தில் டான் ரோசன்டால் என்பவர் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலைத் திறந்துவிடலாம் என்ற நிலை வந்தது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தியவர்கள் ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது 2002. லாத்வியாக்காரர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கர் வாங்கிய அன்று, என்னுடைய பழைய லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் கையால செய்யற? மிக்ஸமோவுல எடுத்து ஒட்டிக்கோயேன்" என்று கேட்காத நண்பர் இல்லை. மிக்ஸமோ அடோபியின் இலவச அசைவுக் கிடங்கு. குத்து, உதை, வாள்வீச்சு எல்லாம் எடுத்து உங்கள் பாத்திரத்துக்கு மாட்டிவிடலாம். பிரேசில் நாட்டுக் காபோய்ராகூட அங்கே இருக்கிறது. சிலம்பத்தைப் பல எழுத்துக்கூட்டலில் தேடினேன். கிடைக்கவில்லை. கம்பு பிடித்த அசைவு ஒன்றிரண்டு வந்தது, எதிலும் நம் காலடி இல்லை. வேறு ஊர்க் கையை எடுத்து நம் கம்பைக் கொடுத்தால் அது சிலம்பம் ஆகாது. சின்ன வயதில் அடி வாங்கிக் கற்றவர்களுக்கு அது உடனே தெரியும்.

ஆட்களின் அசைவை அப்படியே பிடித்து எடுக்கும் மோஷன் கேப்சர் நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம் தயாரித்த சிந்துபாத் படம் 2000இல் வந்தது. முழுநீளப் படத்தையே அந்த முறையில் எடுத்ததில் உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று அது. நம்மவர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 2014இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' வந்தது. ஆனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு வழக்கமாக உடம்பு முழுக்க அடையாளப் புள்ளிகள் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைக்கவேண்டும். கம்பு உடம்பை ஒட்டிச் சுழலும்போது புள்ளிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டே இருக்கும். காசு இருந்தாலும் சிலம்பத்துக்கு அது எளிதில்லை.

கார்ட்டூன் சண்டைக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. 2001இல் வந்த 'ஆளவந்தான்' படத்தில் வன்முறை உச்சத்துக்குப் போகும் இடத்தில் கமல்ஹாசன் சட்டென்று கார்ட்டூனாக மாறுவார். 'கில் பில்' படத்தின் கார்ட்டூன் பகுதிக்கு அதுதான் தூண்டுதல் என்று டாரன்டினோ தன்னிடம் கூறியதாக அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட நாளில் அந்தப் பகுதியை மட்டும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

சரி, கம்புக்கு வருகிறேன். அதற்கும் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறேனே.

சித்தப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து போகும் விசைப்படகில் வேலை செய்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அவர் ஊரில் தொடர்ந்து இருப்பது அப்போதுதான். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கு இரண்டு செல்போனை இரண்டு பக்கம் நட்டு, விநாடிக்கு 120 ஃபிரேம் வேகத்தில் அவரைப் படம் எடுத்தேன். 120 என்பது 24இன் ஐந்து மடங்கு. அதனால் ஐந்துக்கு ஒன்று எடுத்தால் என் கணக்குக்குச் சரியாக வந்துவிடும். அப்படி எடுத்துவைத்து எண்ணினால், அவர் வேகமாகச் சுற்றும்போது ஒரு முழுச் சுற்றுக்கு எட்டே ஃபிரேம். விநாடிக்கு மூன்று சுற்று. ஒன்றரை மீட்டர் கம்பை நடுவில் பிடித்துச் சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் வருகிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நுனி ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தாவிவிடுகிறது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எட்டு ஃபிரேமுக்கு ஒரு சுற்று என்றால் ஃபிரேமுக்கு 45 டிகிரி. கம்பின் இரண்டு முனையும் ஒன்றுபோல இருப்பதால் நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறை அது பழைய கோட்டிலேயே வந்து விழுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குச் சுழற்சி போய், ஒரே இடத்தில் நான்கு கோடு மின்னுவதுபோல ஆகிவிடும். படத்தில் அசைவை லேசாகக் கலைத்துக் காட்டுகிற மோஷன் பிளர் இதில் பாதியைத் தீர்த்தது. மீதியைத் தீர்த்தது சித்தப்பாவின் கம்பு. அதன் ஒரு முனையில் பித்தளைப் பூண் உண்டு. வீடியோவில் அந்தப் பூண் வெயில் பட்டுக் கோடு கோடாக ஒளிவிடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கம்புக்கும் ஒரு முனையில் பூண் மாட்டினேன். இரண்டு முனையும் வேறாகிவிட்டதால் கண் ஏமாறவில்லை.

அடுத்த தலைவலி, கம்பு எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒரு கீ ஃபிரேமில் தொடக்கநிலை வைத்து, அடுத்த கீ ஃபிரேமில் முக்கால் சுற்று போன நிலை வைத்தேன். நடுவில் இருப்பதைக் கணினி நிரப்பவேண்டும். அது குறுக்குவழியில் பின்பக்கமாகக் கால் சுற்று போய் அதே நிலைக்கு வந்து நின்றது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். சிலம்பத்தில் ஒன்று அடி, மற்றொன்று தடுப்பு. சுழற்சிக்கு மட்டும் தனி எலும்பு வைத்து, ஒரே அச்சில் எண்ணிக்கொண்டே போகும்படி மாற்றிய பிறகு சரியானது.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று செய்தேன். வழக்கமாக ஆயுதத்தைக் கையோடு கட்டிவிட்டுக் கையை அசைப்பார்கள். வாளுக்கு அது போதும். சிலம்பத்தில் கை மாறிக்கொண்டே இருக்கும். வலது விட்டு இடது, இடது விட்டு வலது, சில இடத்தில் கழுத்துக்குப் பின்னால் கம்பு கையில்லாமலே அரை நொடி உருளும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கம்பு ஒரு விரல் அகலம் துள்ளியது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது சித்தப்பாவின் கை கம்பை இழுப்பதே இல்லை என்பது தெரிந்தது. கம்பு போகிற போக்கில் கை போய் அதைச் சந்திக்கிறது. நானும் கம்பைத் தனியாக விட்டு, கைகளை அதன் பின்னால் போகச் செய்தேன். துள்ளல் அன்றோடு நின்றது.

இவ்வளவும் செய்து முடித்துத்தான் திண்ணையில் கொண்டுபோய்க் காட்டினேன். கால் எங்கே என்று கேட்டார்.

டிஸ்னி ஸ்டூடியோவின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்குப் பன்னிரண்டு விதிகள் சொல்கிறார்கள். அதில் ஒன்று முன்னசைவு. ஒருவன் எறியப் போகிறான் என்றால் கை முதலில் பின்னால் போகவேண்டும். குதிக்கப் போகிறான் என்றால் முதலில் குந்தவேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர் கண் தயாராகும். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கம்பை நன்றாகப் பின்னால் ஓங்க வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. சித்தப்பாவோ, "இப்படி ஓங்கிக் காட்டினா எவன் நின்னு அடி வாங்குவான்?" என்றார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு கம்புச் சண்டை உண்டு, கான் த கொம்பா. 95 சென்டிமீட்டர்க் கைத்தடியில் ஆடுவது. அதன் போட்டி விதிப்படி ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கை உடம்பின் அச்சைத் தாண்டிப் பின்னால் போய் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடி கணக்கில் சேராது. டிஸ்னி விதியும் அந்த விதியும் அண்ணன் தம்பி மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் அவ்வளவு காலம் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு நான் சிலம்பத்தில் அந்த விளையாட்டை ஆடவைத்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி தோன்றியது.

சிலம்பத்தில் ஓங்குவது சுழற்சிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கம்பு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் எந்தச் சுற்று அடியாக மாறும் என்பது எதிராளிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுற்று. அப்படியானால் பார்க்கிறவருக்கு நான் எதைக் காட்டுவது? முன்னசைவே இல்லாவிட்டால் அடி விழுந்தது கண்ணில் படாது, என்ன நடந்தது என்றே புரியாது. எதிராளிக்கு மறைக்கவேண்டும், பார்வையாளருக்குக் காட்டவேண்டும். இந்த முடிச்சில் ஒரு வாரம் நின்றேன்.

மறுபடி வீடியோவை எடுத்தேன். இந்தத் தடவை மேல்பாதியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டுக் கீழ்பாதியை மட்டும் பார்த்தேன்.

அங்கே எல்லாம் இருந்தது. ஒரு வீச்சை மட்டும் சொல்கிறேன், என் படத்தில் அது 412ஆம் ஃபிரேமில் தொடங்குகிறது. கம்பு தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, வேகம் மாறவில்லை. முகம் மாறவில்லை. வலது குதிகால் மட்டும் மணலிலிருந்து ஒரு நூல் எழும்புகிறது. கட்டைவிரல் மணலைக் கவ்வுகிறது. முட்டி வெளிப்பக்கமாக இருந்தது உள்ளே திரும்புகிறது. இடுப்பு இரண்டு விரல் அளவு இறங்குகிறது. 419இல்தான் கம்பு வட்டத்தை விட்டு விலகுகிறது. 422இல் எதிரே நிற்கிறவரின் தோளைத் தொடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணால் பார்த்து உடம்பு அசைய மனிதருக்குக் கால் விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஆறு ஃபிரேம். கம்பு விலகுவதைப் பார்த்துத் தடுக்க நினைத்தால் கையில் இருப்பது மூன்று ஃபிரேம். முடியவே முடியாது. குதிகாலைப் பார்த்தால் பத்து ஃபிரேம். தடுத்துவிட்டு எதிர் அடியும் யோசிக்கலாம். சின்ன வயதில் "கம்பைப் பாக்காத, காலைப் பாரு" என்று சித்தப்பா கத்திக்கொண்டே இருப்பார். ஏதோ மரியாதைக்காகத் தலையைக் குனியச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

அன்றோடு என் கதையே மாறிவிட்டது. முன்பு அது வெறும் சண்டை, யார் வேகமாகச் சுற்றுகிறார் என்பதுதான். இப்போது அந்தப் பெண் முதலில் கம்பையே பார்க்கிறாள். தோளில் ஒரு தொடுகை, இடுப்பில் ஒரு தொடுகை வாங்குகிறாள். மூன்றாவது முறை கேமரா அவள் கண்ணுக்குப் போகிறது. கருவிழி மெல்லக் கீழே இறங்கி மணலுக்கு வருகிறது. அடுத்த காட்சி முழுக்க இரண்டு ஜோடிக் கால் மட்டும்தான், நாலு விநாடி. கம்பு திரைக்கு மேலே எங்கோ சுற்றுகிறது, நிழல் மட்டும் மணலில் ஓடுகிறது. குதிகால் எழும்புவதை அவள் பார்க்கிற அதே நேரத்தில் படம் பார்க்கிறவரும் பார்க்கிறார். எதிராளிக்கு மறைத்ததைப் பார்வையாளருக்குக் காட்ட எனக்குக் கிடைத்த வழி இது.

கால் என்று வந்துவிட்டால் மணலும் வந்துவிடுகிறது. வழுவழுப்பான தரையில் கால் வைத்தால் கால் நிற்கும், அவ்வளவுதான். மணலில் கால் இறங்கும். எடையைச் சொல்வதே அந்த இறக்கம்தான். பிளெண்டரில் டைனமிக் பெயின்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரு பொருள் பட்ட இடத்தில் பரப்பு பள்ளமாகும். அதை வைத்துத் தடம் பதியச் செய்தேன். வாத்தியாருக்கு மூன்று சென்டிமீட்டர், பெண்ணுக்கு ஒன்றரை. உந்துகிற காலுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம், பின்பக்கம் மணல் ஒரு கை அளவு தள்ளி விழவேண்டும். இதை வைத்த உடனே வாத்தியாருக்கு உடம்பு வந்துவிட்டது. கம்பில் ஒரு ஃபிரேம்கூட மாற்றவில்லை, ஆனால் அடி முன்பைவிடப் பலமாக விழுந்தது.

சித்தப்பா நிற்கிற நிலையும் கவனிக்கவேண்டியது. முட்டி ஒருபோதும் விறைக்காது. கடலில் படகு ஆடும்போது நிற்கிற நிற்பு அது. அவருக்குத் தரையிலும் அதே நிற்புதான். ரேஷன் கடை வரிசையில்கூட அப்படித்தான் நிற்பார். அதனால் வாத்தியார் பாத்திரம் சும்மா இருக்கும்போதும் முட்டிக்கு ஒரு சின்ன ஊசல் கொடுத்தேன்.

வேட்டியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. துணி சிமுலேஷனில் கால் வேகமாகத் திரும்பினால் வேட்டி தொடைக்குள் புகுந்து வெடித்துச் சிதறும். தார்பாய்ச்சிக் கட்டவைத்துவிட்டேன். ஆட்டக்காரர்கள் கட்டுவதும் அப்படித்தான்.

ஒலிதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கம்பும் கம்பும் மோதுகிற சத்தத்தைக் கடற்கரையில் பதிந்தால் அலைச் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. வீட்டுக்குள் கதவைச் சாத்தி, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, சித்தப்பாவும் அவரிடம் படிக்கிற பையன் ஒருவனும் ஒரே இடத்தில் நின்று தட்டினார்கள். எண்ணெய் ஊறிய மூங்கில் கனமாக, தொண்டைக்குள் பேசுவதுபோல ஒலிக்கிறது. காய்ந்த மூங்கில் கிறீச்சென்று வெடிக்கிறது. வாத்தியாருக்கு முதலாவது, பெண்ணுக்கு இரண்டாவது. மோதுகிற இடத்தில் படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வைத்தேன். வீடியோ கேம்களில் பழைய வழக்கம் இது. அந்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரியாது, எலும்புக்குத் தெரியும். நிறுத்தம் முடிந்ததும் கம்பு இரண்டு மூன்று தடவை அதிரவேண்டும், மூங்கில் அல்லவா.

இறுதிப் படமாக ரெண்டர் போட ஃபிரேமுக்கு நாலு நிமிடம். 960 ஃபிரேமுக்கு 64 மணி நேரம். மின்விசிறியை லேப்டாப்புக்குத் திருப்பி வைத்துவிட்டு வீட்டில் எல்லாரும் வெளியே படுத்தோம். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நேராக வீடியோவாக ரெண்டர் போடாதீர்கள், ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமியுங்கள். எந்த எண்ணில் நின்றதோ அங்கிருந்து தொடரலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி திண்ணை, மறுபடி துண்டு. சித்தப்பா இந்தத் தடவை பேசவில்லை. கால் மட்டும் வருகிற அந்த நாலு விநாடியில் அவருடைய வலது குதிகால் திண்ணைக்குக் கீழே லேசாக எழும்பி இறங்கியதைப் பார்த்தேன். முடிந்ததும் பின்னால் ஓட்டச் சொன்னார். 700க்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பெண் பின்வாங்கி அலை வந்து போன இடத்தில் கால் வைக்கிற ஃபிரேம்.

"இங்க ஈர மண்ணு பாப்பா. ஈர மண்ணுல காலு இப்படி இறங்காது. மொதல்ல அப்படியே நிக்கும். எடுக்கும்போதுதான் புடிச்சுக்கும்."

உண்மைதான். காய்ந்த மணலின் அளவையே அங்கேயும் போட்டிருந்தேன். காலைச் சுற்றி ஈரம் ஒரு கணம் வெளுத்து, காலை எடுத்ததும் தண்ணீர் ஊறித் தடம் மெல்ல மூடிக்கொள்ளும். அது எத்தனை ஃபிரேம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு செல்போனையும் சார்ஜில் போட்டிருக்கிறேன். காலையில் அலை ஓரமாக வந்து நிற்கிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.